யோகி கரடிக்கு ஏன் காலர்?

யோகி கரடிக்குச் சட்டை கிடையாது, கால்சட்டையும் கிடையாது. உடம்பெல்லாம் பழுப்பு ரோமம். ஆனால் கழுத்தைச் சுற்றி விறைப்பான வெள்ளைக் காலர், அதிலிருந்து தொங்கும் பச்சை டை, தலையில் அதே பச்சையில் ஒரு தொப்பி. காட்டில் திரிகிற ஒரு மிருகத்துக்குக் கழுத்தை மட்டும் யார் உடுத்திவிட்டார்கள், எதற்காக? பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போனார்கள். ஆனால் அந்தக் காலரைப் பிடித்து இழுத்தால், தொலைக்காட்சிக் கார்ட்டூன் என்ற தொழில் எப்படிப் பிழைத்தது என்பதே கூடவே வந்துவிடுகிறது. 1958இல் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தில் உருவான யோகியின் தோற்றத்தை அந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறேன்.

வேலை போன இருவர்

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் பட நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாகச் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் டாம் அண்ட் ஜெர்ரி அவர்களுடைய கைவேலை. அந்தத் தொடர் ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. திரையரங்கில் முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓடும் ஆறேழு நிமிடக் குறும்படங்கள் அவை. 1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. பழைய படங்களையே மறுபடி வெளியிட்டாலும் புதிய படங்களுக்குச் சற்றுக் குறைவான வருமானம் வந்துவிடும்போது, புதிதாக எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. வணிகமாகப் பார்த்தால் பிழையே இல்லாத கணக்கு.

அதே ஆண்டு ஜூலையில் இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். கொலம்பியா பட நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ் ஆதரவு தந்தது. டிசம்பரில் நாயும் பூனையும் நண்பர்களாக வரும் 'ரஃப் அண்ட் ரெடி' என்.பி.சி. தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் 'ஹக்கிள்பெரி ஹவுண்ட் ஷோ' வந்தது. புரவலர், காலை உணவுத் தானியம் விற்கும் கெல்லாக்ஸ் நிறுவனம். நிகழ்ச்சியின் நாயகன் ஒரு நீல நாய். யோகி அதில் வரும் மூன்று பகுதிகளில் ஒன்றின் கதாபாத்திரம் மட்டுமே. பெயர்ப்பலகையில் அவனுக்கு இடமில்லை. இரண்டரை ஆண்டுகளுக்குள், 1961 ஜனவரியில், அவனுக்கென்றே தனி நிகழ்ச்சி கிடைத்தது. (பெயர் பேஸ்பால் வீரர் யோகி பெராவை நினைவூட்டுவது தற்செயல் என்று நிறுவனம் சொல்லிவந்தது. நம்புவதற்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும்.)

பத்தாயிரம் சட்டகங்கள்

சினிமா நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுகிறது. ஏழு நிமிடப் படம் என்றால் 10,080 சட்டகங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் ஒரு கதாபாத்திரத்துக்கு ஐயாயிரம் ஓவியங்கள் வேண்டும். திரையில் இருவர் இருந்தால் அது இரண்டு மடங்கு. ஒவ்வொன்றையும் பென்சிலில் வரைந்து, ஒளி ஊடுருவும் செல் தாளில் மையால் நகலெடுத்து, பின்புறம் வண்ணம் தீட்டி, காய வைத்து, கேமராவுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிக்க வேண்டும். டாம் அண்ட் ஜெர்ரி படம் ஒன்றுக்கு நாற்பதாயிரம் டாலர் அளவிலும் அதற்கு மேலும் செலவானது இதனால்தான்.

தொலைக்காட்சி தரத் தயாராக இருந்தது, ஐந்து நிமிடத்துக்கு மூவாயிரம் டாலருக்கும் கீழே. இவ்வளவு இடைவெளியைச் சிக்கனத்தால் நிரப்ப முடியாது. பத்துப் பேர் வேலையை எட்டுப் பேர் செய்வதாலும், மலிவான தாள் வாங்குவதாலும் ஆகிற காரியமல்ல. வரையப்படும் படங்களின் எண்ணிக்கையே சரிய வேண்டும். அப்படியென்றால் எது அசைய வேண்டும், எது அசையாமல் நிற்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை, அசைவுகளை வரையும் அனிமேட்டரின் மேசையில் எடுத்தால் நேரம் கடந்துவிடும். உருவத்தை முதன்முதலில் வடிவமைக்கும் தாளிலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குறைந்த அசைவில் கார்ட்டூன் எடுப்பது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. யுபிஏ நிறுவனத்தின் ஓவியர்கள் டிஸ்னி பாணியின் உருண்டைத் தன்மைக்கு எதிராகத் தட்டையான, நவீன ஓவியம் போன்ற படங்களை 1950களின் தொடக்கத்திலேயே எடுத்து ஆஸ்கரும் வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கு அது அழகியல் தேர்வு. ஹன்னா-பார்பெராவுக்கு அது வாடகை கட்டும் வழி. ஆனால் வாடகைக்காக எடுத்த முடிவுக்கு வடிவம் கொடுக்க வந்தவர் அந்த அழகியலை உண்மையாகவே விரும்பிய ஒருவர். அதுதான் இந்தக் கதையில் நேர்ந்த நல்ல விபத்து.

பெனடிக்டின் கோடு

எட் பெனடிக்ட் 1912இல் பிறந்தவர். டிஸ்னியில் இருந்தவர், பிறகு எம்ஜிஎம்மில் கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரியின் குழுவில் 1950களில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். அங்கேயே அவருடைய உருவங்கள் கூர்மையும் தட்டையுமாக மாறிவிட்டிருந்தன. ஹன்னாவும் பார்பெராவும் தங்கள் புதிய நிறுவனத்தின் உருவங்களுக்கு அவரை நாடினார்கள். ஹக்கிள்பெரி, யோகி, பிறகு 1960இல் கற்காலத்தில் வாழும் ஃபிளிண்ட்ஸ்டோன் குடும்பம் என எல்லாம் அவர் கையிலிருந்து வந்தவை.

அவருடைய முறை எளிதாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் கடினம் புரியும். ஒரு பக்கம் வளைவு என்றால் எதிர்ப்பக்கம் ஏறக்குறைய நேர்கோடு. யோகியின் முதுகு அதிக வளைவில்லாமல் இறங்குகிறது. வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கிறது. கால்கள் குட்டை, கைகள் நீளம். டாமின் உடம்பில் தோள் எலும்பும் முதுகுத்தண்டும் இருப்பதை உணர முடியும். யோகியின் உடம்பில் அப்படி எதுவும் இல்லை, வெளிக்கோடு மட்டும்தான். அந்தக் கோடு தடிமனாகவும் அழுத்தமாகவும் இருக்கிறது. காரணம், அன்றைய வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. சிறிய திரை, புள்ளி பறக்கும் படம், பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளை. நிகழ்ச்சியை வண்ணத்தில்தான் எடுத்தார்கள், ஆனால் பார்ப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்கள் மட்டுமே. வண்ணத்தை எடுத்துவிட்டாலும் காலர் வெள்ளையாகவே பளிச்சென்று நிற்கிறது; மூக்கும் வாயும் சேர்ந்த முன்பகுதி வெளிர் நிறத்தில் தனித்துத் தெரிகிறது; உடம்பு அடர்த்தியாக இருக்கிறது. அத்தனை மோசமான பெட்டியிலும் குழந்தைக்கு யோகியின் வாய் எங்கே என்று தெரியும்.

கழுத்தில் ஒரு வெட்டு

இப்போது காலருக்கு வருவோம். செல் முறையில் ஒரே கதாபாத்திரத்தை இரண்டு மூன்று தாள்களாகப் பிரித்து வரையலாம். உடம்பு ஒரு தாளில், தலை இன்னொரு தாளில், வாய் மூன்றாவதில். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முழு உருவம். உடம்புத் தாளை அப்படியே விட்டுவிட்டுத் தலைத் தாளை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். திரையரங்கக் கார்ட்டூன்களிலும் இந்த வசதி இருந்தது. ஆனால் அங்கே அது அவ்வப்போது உதவும் குறுக்குவழி. தொலைக்காட்சியில் அதுவே பெருவழியாயிற்று.

பிரிப்பது எளிது. பிரித்த இடம் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் சிக்கல். காலர் இல்லாத ஒரு கரடியை நினைத்துப் பாருங்கள். தலையின் பின்புறக் கோடு கழுத்து வழியாக முதுகுக்குள் தொடர்ச்சியாக இறங்க வேண்டும். தலை சற்றுச் சாய்ந்தால் அந்தக் கோடு முதுகின் கோட்டோடு பொருந்தாது. பொருத்த வேண்டுமானால் தோளையும் சேர்த்து வரைய வேண்டும். தோளை வரைந்தால் கை நகரும், கை நகர்ந்தால் உடம்பு. ஒரு தலையாட்டலுக்காக முழுக் கரடியையும் வரைந்து முடித்திருப்பீர்கள். காலரை வைத்துவிட்டால் அந்தக் கோடு அங்கேயே அறுந்துவிடுகிறது. கும்பத்தின் வாயில் வைத்த தேங்காயை எப்படித் திருப்பி வைத்தாலும் குடத்தைத் தொட வேண்டியதில்லையே, அதுபோல யோகியின் தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உடம்புக்குச் சேதி போகாது. கண் குறை சொல்வதில்லை. ஏனென்றால் காலருக்குள் கழுத்து எப்படி நுழைகிறது என்பதைக் கண் பார்த்ததே இல்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. செல் தாள் முழுக்கத் தெளிவான கண்ணாடி அல்ல. அதற்கு மெல்லிய சாயல் உண்டு. ஆகவே அடியில் இருக்கும் தாளிலுள்ள வண்ணம் மேல் தாளிலுள்ள அதே வண்ணத்தைவிடச் சற்று மங்கித் தெரியும். வண்ணம் தீட்டுபவர்கள் எந்த அடுக்கில் எந்த உறுப்பு வருகிறது என்று பார்த்து, கலவையைச் சிறிது மாற்றி ஈடுகட்டுவார்கள். தலையின் பழுப்பும் உடம்பின் பழுப்பும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தால் சிறு வேறுபாடுகூடத் தழும்பாகத் தெரியும். இடையில் ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் இரண்டு பழுப்புகளையும் கண் ஒப்பிடுவதில்லை. பெனடிக்ட் இதையும் கணக்கில் கொண்டுதான் காலர் போட்டார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் கோடு பொருந்தாமை, நிறம் பொருந்தாமை ஆகிய இரு நோய்களுக்கும் ஒரே மருந்தாக அது அமைந்துவிட்டது.

எவ்வளவு மிச்சம்? ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். யோகி கூடையைப் பார்த்துக்கொண்டே நான்கு நொடிகள் பேசுகிறான். 96 சட்டகங்கள். பழைய முறையில் இரண்டுக்கு ஒன்று என்றாலும் 48 முழுக் கரடிகள். புதிய முறையில் ஓர் உடம்பு, மூன்று தலைகள், ஏழெட்டு வாய்கள். பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும், அதிலும் பெரும்பாலானவை விரல் நகம் அளவு வாய்கள். அந்த உடம்பையும் தலையையும் அடுத்த காட்சியில், அடுத்த வாரப் படத்தில்கூட மறுபடி பயன்படுத்தலாம்.

யோகியின் முகத்தில் வாயைச் சுற்றியிருக்கும் வெளிர்ப்பகுதி இதே தந்திரத்தின் இரண்டாம் பாகம். அது ஒரு வேலி. அதற்குள் வாய் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கண்ணும் கன்னமும் தொப்பியும் அசைய வேண்டியதில்லை. ஃபிரெட் ஃபிளிண்ட்ஸ்டோனின் முகத்தில் சவரம் செய்யாததுபோல் ஒரு சாம்பல் நிழல் வாயைச் சுற்றி இருக்கிறதே, அதுவும் இதே வேலிதான். மனிதன் என்பதால் கரடியின் வெளிர்ப்பகுதியை வைக்க முடியாது. தாடி நிழல் வைத்தார்கள். அவன் கழுத்திலும் ஒரு நீல டை. கற்காலத்தில், தோலாடைக்கு மேல், டை! அதையும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சாக்குப்போக்கு ஆளுமையாவது

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். தொழில்நுட்பம் மட்டுமே என்றால் காலருக்குப் பதில் ஒரு கயிறு கட்டியிருந்தாலும் போதும். யோகியை நான் நல்ல வடிவமைப்பு என்று கருதுவதற்குக் காரணம் வேறு.

யோகி வாழும் ஜெல்லிஸ்டோன் பூங்கா, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் நகல். அக்காலத்தில் யெல்லோஸ்டோனில் கரடிகள் சாலையோரம் வந்து சுற்றுலாப் பயணிகளின் கார்களை மறித்து உணவு கேட்பது அன்றாடக் காட்சி. யோகியின் தொழில் அதுதான்: பயணிகளின் சாப்பாட்டுக் கூடையைக் கவர்வது. ஆனால் அவன் தன்னைப் பிச்சைக்காரனாகவோ திருடனாகவோ நினைப்பதில்லை. சராசரிக் கரடியைவிட நான் புத்திசாலி என்று சொல்லிக்கொண்டே திரிகிறவன். மனிதர்களின் உணவுக்கு ஆசைப்படுகிற கரடி மனிதர்களின் உடையில் ஒரு துண்டை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பொருத்தம்! முழு உடை போட்டிருந்தால் அவன் மனிதன் மாதிரி ஆகிவிடுவான். எதுவுமே இல்லாவிட்டால் வெறும் காட்டு விலங்கு. காலரும் டையும் அவனை இரண்டுக்கும் நடுவில், கனவான் வேடம் போட்ட போக்கிரியாக நிறுத்துகின்றன. பக்கத்தில் நிற்கும் குட்டிக் கரடி பூபூவுக்கு வெறும் வில் டை. அவன் பயந்த சுபாவமுள்ளவன், எப்போதும் எச்சரித்துக்கொண்டே இருப்பவன். நீளமான டை அவனுக்கு ஒட்டியே இருக்காது.

தொப்பியின் கதையும் குரலோடு பின்னியது. யோகிக்குக் குரல் கொடுத்த டாஸ் பட்லரின் உச்சரிப்பில், 'தி ஹனிமூனர்ஸ்' நகைச்சுவைத் தொடரில் ஆர்ட் கார்னி நடித்த எட் நார்ட்டன் என்ற சாக்கடைத் தொழிலாளியின் சாயல் அப்பட்டமாக இருந்தது. நார்ட்டனும் தலையில் ஒரு நசுங்கிய தொப்பியோடே திரிவான். அன்றைய பெரியவர்களுக்குத் தொப்பியைப் பார்த்ததும் குரலும், குரலைக் கேட்டதும் தொப்பியும் நினைவுக்கு வந்திருக்கும். உடம்பு அசையாத கார்ட்டூனில் குரல்தான் நடிக்கிறது. ஆகவே குரலுக்கு ஏற்ற உருவம் என்பது இங்கே அலங்காரச் சொல் இல்லை. வேலையின் பாதி அது. பூபூவுக்கும் பூங்காக் காவலர் ஸ்மித்துக்கும் டான் மெசிக் குரல் கொடுத்தார். இந்த இரண்டு தொண்டைகளின் மேல்தான் யோகி படங்கள் நின்றன என்றால் மிகையில்லை.

போனது என்ன

பக்ஸ் பன்னி கார்ட்டூன்களை இயக்கிய சக் ஜோன்ஸ் இவ்வகைப் படங்களைப் 'படம் போட்ட வானொலி' என்று கேலி செய்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை புரிகிறதென்றால் அது அனிமேஷனே அல்ல என்பது அவர் கட்சி. கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. டாம் திடுக்கிட்டால் வால் நுனிவரை திடுக்கிடும். யோகி திடுக்கிட்டால் தலை மட்டும் திடுக்கிடுகிறது, உடம்பு இன்னும் பழைய செய்தியிலேயே நிற்கிறது. பெரிய மோதல்கள் திரைக்கு வெளியே நடக்கின்றன: ஒரு சத்தம், கேமராவில் ஒரு குலுக்கல், அடுத்த காட்சியில் நசுங்கிய கரடி. ஓட்டம் என்றால் ஒரே மரமும் ஒரே பாறையும் திரும்பத் திரும்பக் கடந்து போகும்.

ஆனால் தொடக்ககாலப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அப்போது ஒரு படத்தைப் பெரும்பாலும் ஒரே அனிமேட்டர் முழுக்கச் செய்தார். கார்லோ வின்சி செய்த படங்களில் யோகியின் நடையும் ஓட்டமும் உடம்போடு சேர்ந்து குலுங்குகின்றன. கென் மியூஸ் கையில் கரடி அடக்கமாக, சுத்தமாக நிற்கிறது. காலர் அனுமதித்த சோம்பலை எல்லோரும் ஒரே அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே மிச்சம் பிடிப்பது, மிச்சம் பிடித்ததை எந்த இரண்டு நொடிகளில் கொட்டுவது என்ற தேர்வு அவர்களிடம் இருந்தது. 1960இல் 'ஹக்கிள்பெரி ஹவுண்ட் ஷோ' தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றது. அனிமேஷன் தொடர் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

என் குறை யோகியிடம் இல்லை, அவனுடைய வாரிசுகளிடம். காலர் ஒரு தீர்வாக இருந்தவரை அதில் யோசனை இருந்தது. வாய்ப்பாடானதும் யோசனை போய்விட்டது. ஸ்னாகில்புஸ் சிங்கத்துக்குக் காலரோடு மணிக்கட்டுப் பட்டையும், மகில்லா கொரில்லாவுக்கு வில் டை. ஸ்னாகில்புஸ் நாடக நடிகனைப் போலப் பேசுகிறவன், அவனுக்குப் பொருந்துகிறது. மணிக்கட்டுப் பட்டை கையையும் தனித்தாளாக வெட்டிக்கொள்ள வசதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கொரில்லாவுக்கு ஏன்? பெனடிக்ட் இப்படி எளிதில் திருப்தியடைந்தவர் அல்ல. ஃபிளிண்ட்ஸ்டோன்களுக்காக அவர் முதலில் வரைந்த குகை மனிதர்கள் கூனும் பரட்டைத் தலையுமாக இருந்தார்கள். பார்பெராவுக்கு அது பிடிக்காமல் திருத்தி நிமிர்த்த வேண்டியிருந்தது. இன்று உலகுக்குத் தெரிந்த ஃபிரெட், அந்தச் சமரசத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்ற ஃபிரெட்.

1969இல் வந்த ஸ்கூபி-டூவுக்கும் கழுத்துப்பட்டை உண்டு. அவன் நாய், ஆகவே யாருக்கும் உறுத்தவில்லை. அவனை வடிவமைத்த இவாவோ தகமோட்டோ, உயர்சாதி கிரேட் டேன் நாயின் இலக்கணங்களை அதை வளர்க்கும் ஒருவரிடம் கேட்டு அறிந்துகொண்டு, அவற்றுக்கு நேரெதிராக வரைந்தார்: சரிந்த முதுகு, வளைந்த கால்கள், இரட்டைத் தாடை. அங்கே பட்டை துணைப்பாத்திரம்தான். உருவத்தின் நகைச்சுவை வேறெங்கோ இருக்கிறது. யோகியிலோ பட்டையே நகைச்சுவை.

இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் வந்தபோது இந்தப் படங்கள் பிறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் வீட்டு வண்ணத் தொலைக்காட்சிகளில் அந்தத் தடித்த கோடுகளும் தட்டை நிறங்களும் பழமையாகத் தெரியாததற்குக் காரணம், நிழலும் உருண்டையும் போட்டு மினுக்கும் முயற்சி அவற்றில் தொடக்கத்திலிருந்தே இல்லாததுதான். காலை உணவுத் தானியப் பெட்டியின் அட்டையில் அச்சிட்டாலும் திரையில் பார்த்தாலும் யோகி ஒரே யோகி. கெல்லாக்ஸுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2010இல் யோகி கணினி வரைகலையில், ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரியும்படி, உண்மையான மனித நடிகர்களோடு திரையரங்குக்கு வந்தான். தலையையும் உடம்பையும் வெட்டிப் பிரிக்க வேண்டிய எந்தத் தேவையும் அங்கே இல்லை. கணினியில் கழுத்து தானாகவே வளையும். காலரை எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை. ரோமத்தின் மேல் துணி உரசுவதையும், நடக்கும்போது டை ஆடுவதையும் கணினியில் நம்பும்படி செய்வது கூடுதல் வேலை, கூடுதல் செலவு. அந்தச் செலவைச் செய்தே காலரை வைத்துக்கொண்டார்கள்.